உன் பெயரில் நான் போட்ட ஐந்துகள்

தம்பி சர்வின்,

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் எனக்கு உண்மை வராது. கோலாலம்பூரிலிருந்து நீ கூப்பிட்டு "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்ட மறுநொடி, "எனக்கென்ன, நல்லா இருக்கேன் லா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். தாள் என்றால் அப்படி இல்லை. முப்பது வருஷம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டே காலத்தை ஓட்டியவள் நான். பேனாவைக் கையில் எடுத்தால் கொஞ்சமாவது யோசிப்பேன். எழுதி முடித்ததும் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறேன். அவர் எப்படியும் முன்னுக்குப் பின் மாற்றித்தான் அனுப்புவார். ஒரு பக்கத்திலாவது அவருடைய கட்டைவிரலும் சேர்ந்து வந்திருக்கும். பொறுமையாக அடுக்கிப் படி. நாளை வியாழக்கிழமை உன் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் படித்துவிடு, அது முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோதே உன் குரல் சரியில்லை. இருபத்தேழு வயதில் ஒரு பெரிய ஹாக்கி அணியின் உடற்பயிற்சிப் பொறுப்பு என் மகன் கையில் இருக்கிறது என்று ஜெலுத்தோங் பசாரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. காய் விற்கிற சீனத்தி வரைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நீ பேசியது பரீட்சையில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வர பயப்படும் பிள்ளையைப் போல இருந்தது. போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, ஆட்டக்காரர்களுடைய ஓட்டத்தை நீ பாதியாகக் குறைத்துவிட்டாய், அதுதான் இப்போது வினையாகிவிட்டது என்றாய். எனக்குப் புரியவில்லை என்று சொன்னதும், கோபத்தை அடக்கிக்கொண்டு விளக்கினாய்.

"டேப்பர்னு சொல்வாங்கம்மா. பெரிய போட்டிக்கு முன்னாடி டிரெய்னிங்கைக் குறைக்கணும். ஓடுற தூரத்தைத்தான் குறைப்போம், வேகத்தைக் குறைக்க மாட்டோம். கொஞ்ச நேரம், ஆனா சுருக்குன்னு. அப்பதான் இத்தன மாசமா செஞ்சதெல்லாம் உடம்புல பிடிக்கும்."

"அப்புறம் என்ன லா பிரச்சனை?"

"குறைச்ச மொத நாலஞ்சு நாளு எல்லாருக்கும் காலு கனமா இருக்கும். தூக்கமா வரும், எரிச்சலா வரும். அது நார்மல்தான், போயிடும். ஆனா அந்த நேரம் பாத்து ஒரு பிராக்டிஸ் மேட்ச் வச்சாரு. தோத்துட்டோம். இப்ப நான்தான் பசங்கள சோம்பேறியாக்கிட்டேன்னு எல்லார் முன்னாடியும் ஏசுறாரு."

உன் தலைமைப் பயிற்சியாளரைச் சொன்னாய். அவருடைய நம்பரைக் கொடு, நான் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று கேட்க வாய் வரை வந்தது. ஏனென்றால் நீ சொன்ன டேப்பர் என்ற சொல் எனக்குப் புதிதே தவிர, விஷயம் புதிதில்லை. தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் வாரம் வந்தால் மேலாளர்களுக்குப் பேய் பிடித்துவிடும். பன்னிரண்டு மணி நேர வேலை, ஞாயிறும் வேலை, சாப்பாட்டு நேரத்தில் பாதி வெட்டு. நான் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துத் தப்பென்று தள்ளிவிடும் மின்சுற்றுப் பலகைகள் அந்த வாரத்தில்தான் குவியும். கண் எரிகிறவளை இன்னும் நாலு மணி நேரம் உட்கார வைத்தால், அவள் நாலு மணி நேரத்துக்குத் தப்பாகத்தான் பற்றவைப்பாள். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. கடைசி நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குப் பெரிய தைரியம் வேண்டும், அது பல பேருக்கு வராது. அதனால் உன் கட்சிதான் நான், அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் நீ அடுத்துச் சொன்னது வேறு. ஆட்டக்காரர்கள் தினமும் காலையில் போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றாய். தூக்கம் எப்படி, கால் வலி எப்படி, களைப்பு எப்படி, மனம் எப்படி; ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்து என்றால் பிரமாதம். "எல்லாரும் நாலு, அஞ்சுன்னே போடுறாங்கம்மா. அதையே அவரு எனக்கு எதிராத் திருப்புறாரு. 'உன் ஃபார்ம்லயே எல்லாரும் நல்லா இருக்காங்க, அப்புறம் எதுக்கு ரெஸ்ட்டு?'ன்னு கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்றது?" வியாழக்கிழமை கூட்டத்தில் பதில் சொல்லாவிட்டால், வெள்ளியிலிருந்து பழையபடி முழுப் பயிற்சி. பிறகு பின்களத்தில் ஆடும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாய். தினமும் எல்லாவற்றுக்கும் ஐந்து போடுகிறான்; ஆனால் விடுதிப் படியில் காலையில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறான். "நான்தான் இல்லாததையெல்லாம் பாக்குறேனோ என்னமோம்மா" என்றாய்.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நீ பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிய ஆண்டு. மாநில இளையோர் அணியில் நடுக்கள ஆட்டக்காரனாக இருந்தாய். படிக்கிற நேரத்தில் போனைத் தடவிக்கொண்டிருக்கிறாய் என்று உன் போனைப் பிடுங்கி என் சேலை அடுக்குக்குக் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் உன் கோச் ஞானம் எங்கேயோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து, புதிதாக ஒரு முறையைக் கொண்டு வந்தார். நீ இப்போது செய்கிறாயே, அதேதான். பெரிய போட்டிக்கு மூன்று வாரம் முன்னாலிருந்து ஒவ்வொருவரும் காலையில் படிவம் நிரப்ப வேண்டும். களைப்பு என்று எழுதுகிறவனுக்கு முன்னதாகவே ஓட்டத்தைக் குறைப்பார். நன்றாக இருக்கிறேன் என்கிறவனுக்குக் கடைசி நாலைந்து நாளில்தான் குறைப்பார். அந்தக் காலத்தில் அப்படி ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகப் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான். உன்னிடம் போன் இல்லாததால் படிவம் என் போனுக்கு வந்தது. "அக்கா, காலைல தம்பிய எழுப்பிக் கேட்டு, அவன் சொல்றதப் போட்டு அனுப்புங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

முதல் மூன்று நாள் கேட்டுத்தான் போட்டேன். நீ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "நாலு... மூணு... போங்கம்மா" என்று முனகுவாய். நாலாம் நாளிலிருந்து கேட்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு நீ நல்ல தூக்கத்தில் இருப்பாய். கீழே இறங்கி ஃபிளாட் வாசலில் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, காலை ஐந்தே முக்காலுக்கு, கட்டைவிரலால் ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து என்று தட்டி அனுப்பிவிடுவேன். பஸ் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். தினமும் உன்னை எழுப்ப மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அம்மா பாவம், வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஏதோ போட்டுவிட்டாள் என்று.

அது இல்லை, தம்பி. அந்த மூன்றாம் நாள் உன்னுடன் ஆடிய ஒரு பையனின் அம்மாவைப் பசாரில் மீன் வாங்கும்போது பார்த்தேன். அவன் கால் வலிக்கு இரண்டு போட்டானாம். கோச் அவனை ஒரு பயிற்சி ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தாராம். "அவ்வளவுதான் அக்கா, எம்புள்ள இடம் போச்சு" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார், அது நல்லதுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. உட்கார வைப்பது என்றால் எங்களுக்குத் தண்டனை. வேலையில் ஒருநாள் லீவு கேட்டாலே முகத்தைச் சுளிக்கும் இடத்தில் வயிறு கழுவியவர்கள் நாங்கள். சும்மா இருப்பவனுக்கு இடம் இருக்கும் என்பதை எப்படி நம்புவோம்? அன்றிலிருந்து உன் பெயரில் ஐந்தைத் தவிர வேறு எண் போட எனக்குக் கை வரவில்லை.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் திடலிலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்து, "அம்மா, இங்க எலும்புலயே குத்துது" என்று வலது கணைக்காலைத் தொட்டுக் காட்டினாய். நான் தைலம் தேய்த்தேன். விரல் பட்ட ஓர் இடத்தில் நீ காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். மறுநாள் காலை வழக்கம்போல் ஃபிளாட் வாசலில் நின்று படிவத்தைத் திறந்தேன். கால் வலி என்ற இடத்தில் இரண்டு போட்டேன். போட்டேன், தம்பி, இரண்டுதான் போட்டேன். அப்புறம் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. இரண்டை அழித்து ஐந்து போட்டு அனுப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, தொழிற்சாலையில், கண்ணுக்கே தெரியாத விரிசல் விட்ட ஒரு பலகையைக் கண்டுபிடித்ததற்காக மேற்பார்வையாளர் என்னைப் பாராட்டினார். நான் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். எனக்கு அந்த நாள் அப்படியே நினைவிருக்கிறது.

போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் நீயாக விழுந்தாய். எலும்பு பல நாளாகவே விரிசல் விட்டுக்கொண்டிருந்தது என்று ஆஸ்பத்திரியில் படம் பார்த்துச் சொன்னார்கள். வராந்தாவில் அப்பா ஞானம் கோச்சைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளய மாடு மாதிரி ஓட விட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு கோச்சா?" என்று கத்தினார்.  கோச் தன் போனைத் திறந்து காட்டினார். வரிசையாக ஐந்து. "தம்பி, நீதானே போட்ட?" என்று கட்டிலில் கிடந்த உன்னிடம் கேட்டார். நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு, "ஆமா கோச், நான்தான் அம்மாகிட்ட அப்படிப் போடச் சொன்னேன். வெளிய உக்கார வச்சிருவீங்கன்னு பயம்" என்றாய்.

என்னுடைய பயத்தை உன் பயமாகச் சொன்னாய். வார்த்தை மாறாமல் சொன்னாய். என் உள்ளுக்குள் இருந்தது உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கொண்டு தாயைக் காப்பாற்றுகிறான். தாய் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறாள். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் கால் சேர்ந்தது. ஆனால் மாநில அணிக்கு நீ திரும்பவே இல்லை. விளையாட்டு அறிவியல் படிக்கப் போகிறேன் என்றபோது, ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஞானம் கோச்சின் மேல் அப்பா மாநில ஹாக்கி சங்கத்துக்குப் புகார்க் கடிதம் அனுப்பினார் அல்லவா? அப்பா சொல்லச் சொல்ல மலாயில் எழுதியது நான். அப்பாவின் கையெழுத்து அவருக்கே புரியாது, உனக்குத் தெரியும். "பொறுப்பில்லாத பயிற்சியாளர்" என்று என் கையால், கோடு போட்ட தாளில், ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். அடுத்த ஆண்டு அவரை அணிக்குக் கூப்பிடவில்லை. பேனா பிடித்து நான் பொய் எழுதியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசியபிறகு என்னால் உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை காலை ஆயர் ஈத்தாம் பஸ் ஏறினேன். அங்கே மார்க்கெட்டுக்குப் பின்னால் ஞானம் கோச் சின்னதாக ஒரு விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேட்மிண்டன் மட்டை ஒன்றுக்கு நரம்பு இழுத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேறு பேச்சு பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கு என் மேல் நம்பிக்கையில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். அவன் போடச் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன், வலி தெரிந்தும் போட்டேன் என்று. அவர் நரம்பை இழுப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் அக்கா" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஃபார்ம் வர்ற டைம் எனக்குத் தெரியும்ல. டெய்லி காலைல அஞ்சே முக்கால். பதினேழு வயசுப் பையன் எவன் அக்கா அந்நேரத்துக்கு எந்திரிச்சு ஃபார்ம் போடுறான்? அதுவும் டெய்லி அஞ்சு. டிரெய்னிங் போட்டு நசுக்குன மறுநாளும் அஞ்சு."

"அப்ப ஏன் என்னக் கேக்கல?"

நரம்பை வெட்டிவிட்டு அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டா நீங்க உண்மையச் சொல்லிருவீங்க. சொன்னா அவன உக்கார வைக்கணும். நடுக்களத்துல எனக்கு வேற ஆளு இல்ல அக்கா. அஞ்சு வந்தா எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பரவாயில்லை அக்கா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. "அந்தப் புகார் லெட்டர நானும் படிச்சேன். கையெழுத்து அழகா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.  கும்பிட்டேன். உன்னைப் பற்றிக் கேட்டார். நீ இப்போது படும் பாட்டைச் சொன்னேன். மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார், அந்தப் படி இறங்கும் பையனைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். "தம்பி கண்ணு பாத்தது சரிதான்னு அவன்கிட்ட சொல்லுங்க. நான் பசங்க நடக்குறதப் பாக்கல, போனப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். கிளம்பும்போது மழை வரும்போல இருக்கிறது என்று தன் குடையை எடுத்துக் கொடுத்தார். குடை இங்கே கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை போகவேண்டும், அதற்காகத்தான் கொடுத்தாரோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், டிவி அணைந்திருந்தது. பிறகு, "அந்த மனுஷன நான் ஆஸ்பத்திரியில அப்படி ஏசினேனேடி" என்றார். என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை குடையைத் திருப்பிக் கொடுக்கத் தானும் வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்போது உன் கூட்டத்துக்கு வருகிறேன். உன் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் ஓர் ஐந்து எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதை உன் தலைமைப் பயிற்சியாளரை விட எனக்கு நன்றாகத் தெரியும். உன் பையன்கள் நன்றாக இருப்பதால் ஐந்து போடவில்லை. போட்டிக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் எழுதுகிற கைக்குப் பயந்து போடுகிறார்கள். வீட்டில் இருக்கிற என்னைப்போன்ற ஒரு அம்மாவை நினைத்துக்கூடப் போடலாம். தொழிற்சாலையில் தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் எந்தத் தாளை எடுப்பார்கள் தெரியுமா? திருத்தமும் அழுக்குமாக இருக்கும் தாளை எடுக்க மாட்டார்கள். மாதம் முழுக்க ஒரே எண் இருக்கும் தாளைத்தான் எடுப்பார்கள். நிஜமாகவே இயங்குகிற எந்திரம் ஒருநாள் அப்படி, ஒருநாள் இப்படித்தான் இருக்கும். நீ ஓட்டத்தைக் குறைத்த முதல் நாலு நாள் எல்லோருக்கும் கால் கனக்கும் என்று நீயே சொன்னாய். அந்த நாலு நாளும் படிவத்தில் ஐந்து வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதை அப்படியே எடுத்து மேசை மேல் வை. கனத்த காலோடு தோற்ற ஆட்டத்தையும் பக்கத்தில் வை. அவர் இரண்டையும் ஒன்றாக நம்ப முடியாது. அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

அதற்கும் அவர் மசியவில்லை என்றால் என் கதையைச் சொல். பெயரோடு சொல். என் அம்மாதான் என் படிவத்தை நிரப்பினார், எலும்பில் விரிசல் விட்ட நாளிலும் ஐந்து போட்டார் என்று சொல். இந்தக் கடிதத்தை அங்கே சத்தமாகப் படித்தாலும் எனக்குச் சம்மதம். இத்தனை நாள் நான் காப்பாற்றி வைத்த மரியாதை உன் பையன் ஒருவனின் காலை விடப் பெரிதில்லை. ஆனால் கூட்டத்துக்கு முன்னால், காலையிலேயே, அந்தப் பின்களப் பையனிடம் போ. போனை எடுத்துக்கொண்டு போகாதே. உன் இடம் போகாது என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் எங்கே வலிக்கிறது என்று கேள். அந்த வரிசை முக்கியம். எனக்கு அதை யாராவது அந்த வரிசையில் சொல்லியிருந்தால் நான் அந்த இரண்டை அழித்திருக்க மாட்டேன். அழித்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியவில்லை.

கூட்டத்தில் நீ தோற்கவும் கூடும். அவர் பழையபடி ஓட விடலாம், உன்னை வேலையை விட்டே அனுப்பலாம். அப்படி ஆனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது என்பதற்காக நீயும் அந்த ஐந்தை நம்பிவிட்டு வந்தால், பத்து வருஷம் கழித்து நீயும் என்னைப் போல ஒரு பஸ் ஏறி யாரையாவது தேடிப் போகவேண்டியிருக்கும். அந்தப் பஸ் பயணம் உனக்கு வேண்டாம்.

என் மேல் உனக்குக் கோபம் இருந்தால், இருக்கவேண்டும், அதைக் காட்டு. நீ என்னிடம் கோபப்பட்டதே இல்லை; அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினேழு வயதில் எனக்காகச் சொன்ன பொய்யை நீ இன்னும் தூக்கிக்கொண்டு நடக்கிறாய். இறக்கி வை, தம்பி. அது என்னுடையது, நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, உன் படிவத்தை நானும் ஒரு தடவை ஒழுங்காக நிரப்புகிறேன். தூக்கம் இரண்டு, இந்த வாரம் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கால் வலி ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன்னால் பசாரில் மீன் கடை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். இடது முட்டி. ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்கள். நீ போட்டி முடிந்து வரும் வரை சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். தேதி நீ திரும்பிய பிறகுதான், அதனால் எதையும் போட்டுவிட்டு ஓடி வராதே. களைப்பு இரண்டு. ஆயர் ஈத்தாமில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். மனம், இன்று காலை பேனாவை எடுக்கும்போது ஒன்று. இப்போது மூன்று. அதற்கு மேல் போட மாட்டேன்.

நேரம் காலை பத்து மணி நாற்பது. யாரையும் கேட்காமல் போடவில்லை. என்னைக் கேட்டுத்தான் போட்டேன்.

அம்மா